பெரும்பெயரும் சிறப்புக் கல்லூரியும்

ஐக்கிய அமெரிக்காவிலே உயர்தரப் பாடசாலையை முடிக்கும் மாணவரின் இல்லங்களில் ஏப்பிரல் அமைதியான மாதமன்று. அனுமதிக் கடிதங்கள் பெரும்பாலும் மார்ச்சு இறுதிக்குள் வந்துவிடும். மே முதலாந் திகதிக்குள் எதனை ஏற்பது என அறிவித்தல் வழக்கம். நியூயோர்க் நகரத்து மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்க. தந்தை பாடசாலை ஆசிரியர். தாய் வைத்தியசாலையிலே தாதி. மகளின் ஒரு கையிற் கொலம்பியாவின் கடிதம். மறு கையில் நகரச் சர்வகலாசாலையைச் சேர்ந்த மக்கோலே சிறப்புக் கல்லூரியின் கடிதம். முன்னது 1754 இல் தோன்றிய தனியார் தாபனம், உலகறிந்த பெயர். பின்னது 2001 இல் தொடங்கியது. அந்நகரத்துக்கு அப்பால் அதனை அறிந்தோர் சிலரே.

சிறப்புப் பட்டம் என்றதும் இலங்கை நேயர்களின் நினைவுக்கு வருவது, ஒரு பாடத்தை ஆழ்ந்து கற்றுப் பெறும் பட்டமே. அமெரிக்கச் சிறப்புக் கல்லூரி வேறு வகையினது. அந்நாட்டு அரசாங்கச் சர்வகலாசாலைகள் சில, ஐம்பதினாயிரம் மாணவருக்கு மேற்பட்டவை. முதலாண்டு விரிவுரையில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருப்பர். ஆசிரியர் எவரையும் பெயர்சொல்லி அறியார். அக்கூட்டத்தினுள்ளே திறமைமிக்க சிலரைத் தெரிந்தெடுத்து, சிறு வகுப்பு, தனி ஆலோசகர், இறுதியாண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை என்பவற்றை வழங்குவதே சிறப்புக் கல்லூரியின் வேலை. ஒக்ஸ்போட்டிற் பயின்று திரும்பிய பிராங்க் எய்டலொட் என்பார் சுவாத்மோர் கல்லூரியில் 1922 இல் இத்தகைய முறையைத் தொடங்கினார். சுவாத்மோர் தனியார் கல்லூரியே. எனினும் அம்முறையைப் பிற்காலத்திற் பெரிதும் கைக்கொண்டவை அரசாங்கச் சர்வகலாசாலைகள். ஒரிகன் மாநிலத்தில் 1960 இலும் அரிசோனாவில் 1988 இலும் இதற்கெனத் தனிக் கல்லூரிகளே எழுந்தன.

நியூயோர்க் நகரக் கல்லூரியின் கதை இன்னும் பழையது. 1847 இல் ஏழைப் பிள்ளைகளுக்கென நிறுவப்பட்ட அக்கல்லூரி, 1976 வரை கட்டணமின்றியே கற்பித்தது. குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பெயர்பெற்ற தனியார் சர்வகலாசாலைகள் வாயிலை ஒடுக்கிய காலத்தில், அவர்களை வரவேற்றது அதுவே. இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியைக் கண்ட ஜோனாஸ் சால்க் அங்கே பயின்றவர். பொருளியலிலே நோபெல் பரிசு பெற்ற கென்னத் அரோ, 1940 இல் அங்கே பட்டம் பெற்ற பின்னர் உயர்கல்விக்கெனக் கொலம்பியாவுக்குச் சென்றார். முதற் பட்டத்துக்கு ஒன்று, மேற்பட்டத்துக்கு மற்றொன்று என்னும் வழி அன்றே இருந்தது, இன்றும் உண்டு. ஏப்பிரல் மாதத்துப் பதற்றத்தில் இதனைப் பெற்றோர் மறந்துவிடுகின்றனர்.

இனிப் பணத்தைப் பார்ப்போம். 2024 அளவிற் கொலம்பியாவின் ஓராண்டு மொத்தச் செலவு ஏறத்தாழ 90,000 டொலர். நகரச் சர்வகலாசாலையின் கல்விக் கட்டணம் மாநிலத்தவருக்கு ஆண்டுக்கு 6,930 டொலர். மக்கோலேக்குத் தெரிவான மாநிலத்து மாணவருக்கு அதுவும் இல்லை. ஆயினும் அச்சிட்ட விலை எல்லாரும் கொடுக்கும் விலையன்று. பெருநிதி படைத்த தனியார் சர்வகலாசாலைகள் ஏழை மாணவரிடம் மிகச் சொற்பமே பெறுகின்றன. ஆண்டு வருமானம் 200,000 டொலருக்கு உட்பட்ட குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லையென 2025 இல் ஹாவர்ட் அறிவித்தது. ஆகவே ஏழைக்கு இவ்விடயத்திற் பெருஞ் சிக்கலில்லை. செல்வருக்கோ சிக்கலே இல்லை. உதவிக்குரிய எல்லையைச் சற்றே தாண்டிய ஆசிரியர், தாதி வீட்டிலேதான் கணக்குப் புத்தகம் நள்ளிரவு வரை திறந்திருக்கிறது.

பெயருக்குக் கொடுக்கும் விலை பின்னர் திரும்பி வருமா? டேல், குரூகர் என்னும் இரு பொருளியலாளர் 2002 இல் வெளியிட்ட ஆய்வு பலரை வியப்பித்தது. பெயர்பெற்ற கல்லூரியில் இடங்கிடைத்தும் வேறிடஞ் சென்றவர், அங்கே சென்றவரளவு வருமானமே பெற்றிருந்தனர். உழைப்பது மாணவனின் திறமையே, கல்லூரியின் பெயரன்று என்பது அதன் கருத்து. வறிய குடும்பத்துப் பிள்ளைகளோ இதற்கு விலக்கு; அவர்களுக்குப் பெயர் உண்மையாகவே கைகொடுத்தது. 2023 இல் செட்டி முதலியோர் செய்த ஆய்வும் சராசரி வருமானத்திற் பெரும் வேறுபாடு காணவில்லை. ஆனால் நாட்டின் மிக உயர்ந்த ஒரு வீத வருமானத்தாருள் ஒருவராகும் வாய்ப்பு, பன்னிரண்டு பெரும் தனியார் சர்வகலாசாலைகளிற் பயின்றோர்க்கு ஏறத்தாழ அரைப்பங்கு கூடியது. அவ்வாய்வு ஒப்பிட்டது மாநிலங்களின் தலைமைச் சர்வகலாசாலைகளையே. சிறப்புக் கல்லூரிகளைத் தனியே நிறுத்துப் பார்க்கவில்லை. உச்சிக்கு ஏற விரும்புபவருக்குப் பெயர் ஏணியாகலாம். மருத்துவமோ ஆசிரியத் தொழிலோ நாடுபவள், நாலாண்டுக் கடனைச் சுமந்து அதனை வாங்குவது ஐயத்துக்குரியது.

சிறப்புக் கல்லூரிகளும் யாவும் ஒரு தரத்தன அல்ல. சிலவற்றிற் சிறப்பு என்பது நல்ல விடுதியும் முந்திப் பதியும் உரிமையும் மாத்திரமே. நாலாண்டில் எத்தனை வகுப்புகள் உண்மையிற் சிறியவை, அவற்றைக் கற்பிப்போர் பேராசிரியரா, புள்ளி சற்றுக் குறைந்தால் உதவிப்பணம் நின்றுவிடுமா என்று எழுத்திற் கேட்டறிதல் வேண்டும். கொலம்பியாவிடமும் உதவித்தொகையை மறுபடி கணிக்குமாறு விண்ணப்பிக்கலாம்; கேளாதிருப்போரே மிகுதி. இரண்டு இடத்தும் ஒவ்வொரு நாள் வகுப்பில் அமர்ந்து பார்ப்பதும் கடினமன்று. கொலம்பியாவின் வாயிலிலிருந்து நகரக் கல்லூரிக்குச் சுரங்க ரயிலில் இரண்டே தரிப்புகள்.