பூஞ்செடிகள் குளிரைத் தாங்குவது எவ்வாறு?

மாணவர்களே, ஹாலிஎலயில் வீட்டு வாசலில் செழித்து நிற்கும் அந்தூரியத்தை நுவரெலியாவில் வெளியே வைத்தால், சனவரி இரவுக் குளிரில் அதன் இலைகள் கருகிவிடும். ஆனால் அதற்கு அண்மையில், 1861 இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கல தாவரவியற் பூங்காவில் ரோசாச் செடிகள் குளிரைத் தாங்கி வளர்கின்றன. இவ்வேறுபாட்டுக்குப் பரம்பரையலகுக் குடும்பங்கள் முக்கிய காரணமாகும்.

பரம்பரையலகுக் குடும்பம் என்றால் என்ன?

மூதாதைப் பரம்பரையலகு ஒன்று இரட்டித்து, அதன் பிரதிகள் காலப்போக்கில் சிறிது மாறுவதால் தோன்றும் ஒத்த பரம்பரையலகுகளின் கூட்டமாகும். உடன்பிறந்தோரைப் போல, சாயல் ஒன்று. வேலை சற்று வேறு.

உதாரணம்: சீ.பீ.எப். குடும்பம். இதன் முதல் அங்கத்தவர் பற்றி 1997 இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது அரபிடொப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் சிறுசெடியை. ரோசா, செவ்வந்தி ஆகியவற்றிலும் இவ்வகைப் பரம்பரையலகுகள் உண்டு.

தொழிற்படும் ஒழுங்கு

1. குளிரில் கலமென்சவ்வு விறைப்படையும். கல்சியம் அயன்கள் கலத்தினுள் புகும்.
2. ஏறத்தாழ 15 நிமிடங்களில் சீ.பீ.எப். பரம்பரையலகுகள் தொழிற்படத் தொடங்கும்.
3. அவை ஆக்கும் புரதங்கள் டீ.என்.ஏ.யில் குறித்த இடங்களில் பிணைந்து, வேறு பல பரம்பரையலகுகளைத் தொழிற்படுத்தும்.
4. வெல்லம், புரோலீன், பாதுகாப்புப் புரதங்கள் ஆகியன அதிகரிக்கும். கலங்களுக்கு வெளியே நீர் உறைந்து, கலத்திலுள்ள நீரை இழுக்கும்போது, இவை மென்சவ்வைக் காக்கும்.

தக்காளியிலும் சீ.பீ.எப். உண்டு. ஆனால் அது தொழிற்படுத்தும் பரம்பரையலகுகள் குறைவு. ஆகவே தக்காளி உறைபனியைத் தாங்காது. தப்பு அடித்துப் பெரட்டுக்கு அழைத்தாலும், ஆள் வராவிட்டால் கொழுந்து சேருமா?

கவனிக்க: "குளிர் பரம்பரையலகை மாற்றுகிறது" என எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். பரம்பரையலகின் அமைப்பு மாறுவதில்லை. அதன் தொழிற்பாடே கூடுகிறது அல்லது குறைகிறது.

மாதிரி வினா

பதுளையில் வளர்த்த செவ்வந்தி நாற்றுகளை நேரே நுவரெலியாவில் நட்டபோது பல கருகின. பண்டாரவளையில் இரு வாரங்கள் வைத்துப் பின் நட்டவை பிழைத்தன. காரணம் யாது?

விடை: மிதமான குளிரில் குளிர்தாங்கும் பரம்பரையலகுகள் முன்னரே தொழிற்பட்டுப் பாதுகாப்புப் பதார்த்தங்கள் சேர்ந்துள்ளன. நேரே நட்டவற்றுக்கு அதற்கான கால அவகாசம் கிடைக்கவில்லை.