ஒரு அடி பிசகினால் ஊர்வலமே கெடும்!

பிரேசில் நாட்டு ரியோ நகரில் கார்னிவல் திருவிழா. சம்பாக் குழுக்கள் போட்டி போட்டு ஊர்வலம் வருகின்றன. இதற்காகவே 1984-ல் தனி வீதி கட்டினார்கள். ஒரே குழுவில் 200 பேருக்கு மேல் மேளம் அடிப்பது உண்டு!

பெட்டி மேளம்

அவற்றில் ஒன்று "கைஷா". பெட்டி என்று பொருள். தோலை ஒட்டிக் கம்பிகள் இருக்கும். குச்சியால் தட்டினால் "சரசர" என்று அதிரும்.

கற்பது எப்படி?

வலது, இடது, வலது, இடது: இப்படி 4 அடி. முதல் அடியும் நாலாவது அடியும் பலமாக விழவேண்டும். நடுவில் உள்ள இரண்டும் மெல்ல. முதலில் மெதுவாக அடித்துப் பழக வேண்டும். கை பழகிய பிறகே வேகம்.

"சுர்டு" என்ற பெரிய மேளம் "தும், தும்" என்று காலம் காட்டும். காது அதிலேயே இருக்கவேண்டும். முந்தி ஓடக்கூடாது! மேளத்துக்கும் நடுவர்கள் மார்க் போடுகிறார்கள். ஒருவர் அவசரப்பட்டால் அத்தனை பேர் உழைப்பும் வீண்!