பூட்டில் தொடங்கி பாகப்பிரிவினை வரை

தமிழ்நாட்டில் எந்த நிறுவனம் செய்த இரும்பு அலமாரியானாலும் அதைக் 'கோத்ரெஜ் பீரோ' என்று சொல்லும் வழக்கம் ஒரு தலைமுறைக்கு இருந்தது. பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்வரிசையில் அதற்கென ஓர் இடம் உண்டு. அந்தப் பெயருக்கு உரிய பம்பாய் பார்சிக் குடும்பம், 127 ஆண்டுகள் கூட்டாக நடத்திய தொழிலை 2024 ஏப்ரல் 30 அன்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதாக அறிவித்தது. நீதிமன்றப் படி ஏறாமல் முடிந்த பாகப்பிரிவினை என்பதால் அது ஓரிரு நாள் செய்தியோடு கடந்துபோனது. ஆனால், குடும்பத் தொழில்கள் ஏன் பிரிகின்றன, பிரிக்கும்போது எதைப் பிரிப்பது கடினம் என்பதை விளங்கிக்கொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் அரிது.

நிறுவனர் அர்தேஷிர் கோத்ரெஜ் வழக்கறிஞராகத் தொடங்கியவர். ஒரு வழக்குக்காக ஜான்சிபார் சென்றவர், தமக்கே உறுதியாகத் தெரியாததை உண்மையென்று வாதாட மறுத்துத் தொழிலைக் கைவிட்டார். பம்பாய் திரும்பி அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்தார். கருவிகள் தரமானவை என்று ஒப்புக்கொண்ட ஆங்கிலேய வணிகர், 'இந்தியாவில் செய்யப்பட்டது' என்ற முத்திரையோடு விற்க முடியாது என்றார். முத்திரையை நீக்க அர்தேஷிர் மறுத்தார். அந்தத் தொழிலும் அத்துடன் முடிந்தது. நகரில் திருட்டுகள் பெருகுவதைப் பற்றிய பத்திரிகைச் செய்தி ஒன்று அவருடைய கவனத்தைப் பூட்டின் பக்கம் திருப்பியது. 1897-இல் லால்பாகில் சிறு பட்டறை எழுந்தது. முதலில் கடன் கொடுத்து உதவிய மெர்வான்ஜி காமாவின் உறவினர் பாய்ஸ் கூட்டாளியாகச் சேர்ந்தார், விரைவிலேயே விலகியும்விட்டார். ஆனால், 'கோத்ரெஜ் அண்டு பாய்ஸ்' என்ற பெயர் அப்படியே நிலைத்தது. விலகிப்போன கூட்டாளியின் பெயரை நூற்றாண்டுக்கு மேலாகச் சுமக்கும் நிறுவனம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

பூட்டைத் தொடர்ந்து 1902-இல் இரும்புப் பெட்டகம். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் விலங்குக் கொழுப்பு சேராத, தாவர எண்ணெய்ச் சோப்பு. சுதேசி இயக்கத்துக்குப் பெரும் தொகை வழங்கியவர் அர்தேஷிர். திலகர் சுயராஜ்ய நிதிக்கு அவர் கொடுத்தது ரூ. 3 லட்சம். ஆயினும், சுதேசி என்பதற்காகத் தரம் குறைந்த பொருளை மக்கள் தலையில் கட்டக் கூடாது என்பதிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். இன்றைய தற்சார்புப் பேச்சுகளில் அந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் காணப்படுவதில்லை.

அவருக்குக் குழந்தைகள் இல்லை. தொழில் தம்பி பிரோஜ்ஷாவிடம் சென்றது. அண்ணன் கண்டுபிடிப்பாளர்; தம்பி கட்டியெழுப்பியவர். 1940-களில் பம்பாயின் விளிம்பில் சதுப்பும் புதருமாகக் கிடந்த விக்ரோலி நிலத்தை பிரோஜ்ஷா வாங்கி, தொழிற்சாலையும் தொழிலாளர் குடியிருப்பும் அமைத்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்குப் பெட்டிகள் அங்கிருந்துதான் பெருமளவில் வந்தன. பெட்டி ஒன்றுக்கு ஐந்து ரூபாய். வெளியே தனிப் பூட்டு மாட்டினால் அந்த விலைக்குள் அடங்காது என்பதால் பூட்டும் அமைப்பைப் பெட்டிக்குள்ளேயே பொருத்தினார்கள். குறுகிய காலத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் தயாராயின. பின்னர் 1955-இல் தட்டச்சு இயந்திரம், 1958-இல் குளிர்சாதனப் பெட்டி. அண்மைக் காலத்தில் இஸ்ரோ ராக்கெட்டுகளின் விகாஸ் என்ஜின்களும் விக்ரோலியில் உருவாகின்றன.

சிக்கல் எங்கே தொடங்கியது? பிரோஜ்ஷாவுக்கு சோராப், பர்ஜோர், நவல் என மூன்று மகன்கள், தோசா என ஒரு மகள். சோராபுக்கு வாரிசு இல்லை. அடுத்த தலைமுறையில் பர்ஜோரின் மகன்கள் ஆதி, நாதிர். நவலின் மகன் ஜாம்ஷெட், மகள் ஸ்மிதா. தோசாவின் மகன் ரிஷாத் நவரோஜி. உடன்பிறந்தவர்கள் ஒரு வீட்டில் வளர்ந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளோ நம் வழக்குச் சொல்லில் பங்காளிகள். பங்கு இருக்கிறது, ஒரே அடுப்பு இல்லை. மூன்றாம், நான்காம் தலைமுறையில் பெரும்பாலான தொழில் குடும்பங்கள் பிரிவதற்கு இதுவே அடிப்படை. 1911-இல் மதுரையில் தோன்றிய டி.வி.எஸ். குடும்பமும் அந்தக் கட்டத்தில்தான் தத்தம் நிறுவனங்களைத் தத்தம் கிளைகளுக்கு ஒதுக்கிக்கொண்டது.

கோத்ரெஜ் குடும்பத்தில் இன்னொரு வேறுபாடும் சேர்ந்தது. சோப்பு, வீட்டு உபயோகப் பொருள்கள், வீட்டுமனை, வேளாண் தீவனம் ஆகியவற்றை ஆதி, நாதிர் தரப்பு நடத்தியது. இவை பங்குச் சந்தையில் இருப்பவை. காலாண்டுதோறும் வளர்ச்சியைக் காட்ட வேண்டியவை. ஜாம்ஷெட் தரப்பின் கோத்ரெஜ் அண்டு பாய்ஸ் சந்தைக்கு வராத நிறுவனம். பொறியியல் தொழிலின் நிதானம் அதற்குப் பழகியது. சந்தையில் உள்ள பங்குக்குத் தினமும் ஒரு விலை உண்டு. சந்தைக்கு வராத ஆலைக்கும் நிலத்துக்கும் விலையை அனுமானிக்கத்தான் வேண்டும். எடைபோட முடியாத பொருளை எப்படிச் சமமாகப் பங்கிடுவது?

அந்தப் பொருள் விக்ரோலி. மும்பையில் கோத்ரெஜ் வசம் உள்ள சுமார் 3,400 ஏக்கரில் பெரும்பகுதி அங்கேதான். அதில் பாதிக்கு மேல் அலையாத்திக் காடு. உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளைக்குத் தலைமை வகித்த சோராபின் அக்கறையால் காக்கப்பட்ட காடு அது. எஞ்சிய நிலத்தை எவ்வளவு வேகமாகக் கட்டடமாக்குவது என்பதில் கிளைகளிடையே கருத்து வேறுபாடு இருப்பது 2019-லேயே செய்தியானது. மும்பை-அகமதாபாத் புல்லட் ரயிலுக்காக விக்ரோலியில் சுமார் பத்து ஏக்கர் கையகப்படுத்தப்பட்டதை எதிர்த்து நிறுவனம் நடத்திய வழக்கை பம்பாய் உயர் நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது.

2024 உடன்பாட்டின்படி சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஆதி, நாதிர் தரப்புக்கு. கோத்ரெஜ் அண்டு பாய்ஸும் அதன் நிலமும் ஜாம்ஷெட், ஸ்மிதா தரப்புக்கு. இரு தரப்பும் கோத்ரெஜ் பெயரைப் பயன்படுத்தலாம். ஆறு ஆண்டுகளுக்கு ஒருவர் தொழிலில் மற்றவர் போட்டியிடக் கூடாது. பெயரைப் பகிர்வது பெருந்தன்மையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு தரப்பின் தவறு மறு தரப்பின் பெயரையும் கெடுக்கும் என்பதால், ஆறு ஆண்டுகளுக்குப் பிறகே இந்த உடன்பாட்டின் உண்மையான சோதனை இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த ஏற்பாட்டில் பலரும் கவனிக்காதது பெண்களின் இடம். மகன் வழிப் பேரர்களைப் போலவே மகள் வழிப் பேரனுக்கும் பங்கு இருந்தது. ஸ்மிதா தன் சகோதரனுடன் ஒரு தரப்பாக நின்றார். அந்தத் தரப்பின் அடுத்த தலைமுறை முகம் அவருடைய மகள் நைரிகா ஹோல்கர். மறு தரப்பில் ஆதியின் மகள் நிசாபா 2017 முதல் நுகர்பொருள் நிறுவனத்தின் தலைவர். சென்னையில் முருகப்பா குழுமத்தில், ஆண் வாரிசு இல்லாமல் மறைந்த ஒருவரின் மனைவி, மகள்களின் பங்கும் குழுமத்தின் நிர்வாகக் குழுவில் அவர்களுக்கான இடமும் ஆண்டுக்கணக்கில் பிணக்காக நீடித்து, 2023-இல்தான் சமரசத்துக்கு வந்தது.

ரிஷாத் நவரோஜி தொழில் நிர்வாகத்தில் நாட்டம் காட்டாதவர். இந்திய வேட்டைப் பறவைகளைப் பற்றி நூல் எழுதியவர். பூட்டு செய்த பெரிய பாட்டனாருக்கும் காடு காத்த மாமா சோராபுக்கும் போலவே அவருக்கும் பிள்ளைகள் இல்லை. இவற்றுக்கு அப்பால், கோத்ரெஜ் அண்டு பாய்ஸில் சுமார் 23 சதவீதப் பங்கு எந்தக் கிளைக்கும் சேராமல் அறக்கட்டளைகளின் பெயரில் இருக்கிறது. அதன் வருவாய் கல்விக்கும் மருத்துவத்துக்கும் விக்ரோலி அலையாத்திக் காட்டைப் போன்ற சுற்றுச்சூழல் பணிகளுக்கும் செல்கிறது.