கணினி வலையமைப்பைத் தவணைதோறும் தணிக்கை செய்தல்

ஆழியாற்று நீர் மணக்கடவில் அளக்கப்பட்டுப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்துக்குச் செல்கிறது. அளவு சரியாக இருப்பினும், வழியில் ஒரு மதகு திறந்து கிடக்குமாயின் கடைமடை வயலுக்கு நீர் சேராது. கரையோரம் நடந்து ஒவ்வொரு மதகையும் பார்ப்பவரே அக்குறையைக் கண்டறிவார். கணினி வலையமைப்புக்கும் இத்தகைய கண்காணிப்பு இன்றியமையாதது.

கேரள அரசின் கே-ஃபோன் திட்டம் 2023 ஜூன் 5-இல் தொடங்கி வைக்கப்பட்டது. பள்ளிகளையும் அரசு அலுவலகங்களையும் கண்ணாடி இழைகளால் இணைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு ஆகிய எல்லைப்புற வட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் இணையம் இன்று அன்றாடக் கருவியாகிவிட்டது.

எந்தக் கணினி எதனுடன் தொடர்பு கொள்ளலாம், எவர் உள்ளே நுழையலாம் என்பவற்றை ரவுட்டர், சுவிட்ச் முதலிய கருவிகளில் பதிந்துள்ள கட்டளைகளே தீர்மானிக்கின்றன. இவற்றின் தொகுதி அமைவடிவம் எனப்படும். அது முதல்நாள் செம்மையாக இருந்தாலும் நாளடைவில் பிறழ்கிறது. பழுது நீக்க வந்தவர் தற்காலிகமாகத் திறந்த வழி மூடப்படுவதில்லை. மாற்றலாகிச் சென்ற ஊழியரின் கணக்கு நீக்கப்படுவதில்லை. கருவியுடன் வந்த கடவுச்சொல்லே நீடிக்கிறது. வேலை தடையின்றி நடப்பதால் எவரும் ஐயுறுவதில்லை.

இதன் விளைவு எத்துணைக் கொடிது என்பதை 2022 நவம்பர் 23-இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை கண்டது. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல்களைத் தீயோர் மறைகுறியாக்கிப் பயனற்றவையாக்கினர். பல நாட்கள் நோயாளர் பதிவு கையெழுத்திலேயே நடைபெற்றது. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமையே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பகுப்பு என்பது அமைவடிவத்தைச் சார்ந்தது, தணிக்கையில் காணக்கூடியது.

தணிக்கை செய்யும் முறை எளிது. முதலாவதாக, இணைந்துள்ள கருவிகள் அனைத்தையும் பட்டியலிடுக. இரண்டாவதாக, அங்கீகரிக்கப்பட்ட அமைவடிவத்தின் படியொன்றை வலையமைப்புக்கு வெளியே காத்து வைத்து, நடப்பு அமைவடிவத்தை அதனுடன் வரிவரியாக ஒப்பிடுக. மூன்றாவதாக, காணும் வேறுபாடு ஒவ்வொன்றையும் செய்தவர் யார், எதற்காகச் செய்தார் என விசாரித்து, தக்க காரணமற்றதை நீக்குக. நான்காவதாக, மாணவர் பயிலும் கணினிகள் மதிப்பெண்ணும் சம்பளப் பட்டியலும் உள்ள அலுவலகக் கணினிகளை எட்டாதவாறு பிரிக்கப்பட்டுள்ளனவா என்று சோதித்துப் பார்க்க.

இவ்விசாரணைக்குக் கருவிகளின் செயற்பதிவுகள் உதவும். அவற்றை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டுமென்றும், பாதுகாப்புக் கேடு நேர்ந்தால் 6 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டுமென்றும் செர்ட்-இன் நிறுவனம் 2022 ஏப்ரல் 28-இல் ஆணையிட்டது.

பள்ளியில் இருப்புச் சரிபார்ப்பு ஆண்டுதோறும் நடைபெறுகிறது. நாற்காலி ஒன்று குறைந்தால் அப்போதே தெரிந்துவிடும். திறந்து கிடக்கும் வழியோ தேடினாலன்றிப் புலப்படாது. ஆதலின் கணினி அமைவடிவமும் அச்சரிபார்ப்பில் இடம்பெறுதல் வேண்டும்.