இடக்கைக்கு ஒரு கத்தி

சமையலறைக் கத்தி ஒன்றுக்காக ஏழு மாதங்கள் காத்திருந்தோம் என்று நாம் கூறினால் வாசகர் நகைப்பர். சந்தையிலே சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் பொருளுக்காகக் கடல் கடந்து கடிதம் எழுதுவானேன் என்று எமது சக ஆசிரியர்களும் வினவினார்கள். அப்பொழுது அவர்களுக்கு நாம் தக்க விடை கூறவில்லை. இங்கே கூறிவிடலாம்.

எமது இல்லாள் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உடையவர். எழுதுவது மாத்திரம் வலக்கையினால். இரண்டாம் வகுப்பிற் படிக்கும்போது அவருடைய இடக்கையைக் கைக்குட்டையினால் வாங்கிற் காலோடு கட்டிவைத்து அவ்வாறு பழக்கினார்களாம். கத்தி பிடிப்பதற்கு எவரும் கட்டிவைத்துப் பழக்கவில்லை. ஆகவே மரக்கறி நறுக்குவதும் மீன் வெட்டுவதும் இடக்கையாலேயே நடைபெறும். எமது தாயாருக்கு இது பிடிப்பதில்லை. "உந்தக் கையாலே வெட்டினதை எப்பிடிப் பிள்ளை விரதச் சமையலுக்கு எடுக்கிறது?" என்று அவர் கேட்பதும், இல்லாள் மறுமொழி கூறாது கத்தியை வலக்கைக்கு மாற்றுவதும், தாயார் அப்பாற் சென்றதும் பழையபடி இடக்கைக்கு மாற்றுவதும் இருபது வருடங்களாக எமது வீட்டில் நாளாந்த நிகழ்ச்சி.

இவ்வாறிருக்கையில், யப்பானிலே ஒசாக்கா நகரிற் பணிபுரியும் எமது பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, மீன் வெட்டும் கத்தி ஒன்றை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். தேபா என்பது அதன் பெயர். முதுகு தடித்து, முனை கூர்ந்து, கையில் எடுத்தால் பாரம் தெரிகின்ற கத்தி அது. இல்லாளும் ஆவலோடு எடுத்தாண்டார். ஆனால் மீன் துண்டங்கள் நேராக விழவில்லை. கத்தி ஒரு புறமாகவே இழுத்துச் சென்றது. ஒருநாட் காலை அது வழுகி, மீனைப் பிடித்திருந்த வலக்கைப் பெருவிரலிற் பாய்ந்துவிட்டது. இரண்டு தையல் போடவேண்டியதாயிற்று. "நான் அப்பவே சொன்னனான்" என்றார் தாயார். குற்றம் கையின்மீதே விழுந்தது, கத்தியின்மீது விழவில்லை.

செய்தியை அறிந்த மாணவர் தொலைபேசியிற் பதறினார். "சேர், அது வலக்கைக் கத்தி! ரீச்சர் இடக்கை எண்டு எனக்குத் தெரியாமற் போச்சே!"

கத்தியிலும் வலக்கை, இடக்கை உண்டோ என்று நாமும் திகைத்தோம். உண்டு. எமது கத்திகள் இரு புறமும் சாய்வாகத் தீட்டப்பட்டவை. அவற்றை எந்தக் கையாலும் ஆளலாம். யப்பானியரின் மரக்கறிக் கத்தியான நக்கிரியும் அப்படிப்பட்டதே. ஆனால் மீன் வெட்டும் தேபா, பச்சை மீனை மெல்லிய இதழாக அரியும் யனகிபா என்பவை உளியைப் போல ஒரு புறம் மாத்திரமே சாய்வுடையவை. மறுபுறம் தட்டையாகத் தோன்றும். தொட்டுப் பார்த்தாற் சற்றே குழிந்திருப்பது புலனாகும். வெட்டிய துண்டு ஒட்டாது விலகுவதற்காக அக்குழிவு. வலக்கையால் வெட்டுபவருக்கு வலப்புறம் சாய்வும் இடப்புறம் தட்டையும் இருத்தல் வேண்டும். அதை இடக்கையிற் கொடுத்தால், சாய்வு மீனின் பக்கமாகிவிடும். அலகு தன் போக்கிலே விலகி ஓடும். இல்லாளின் பெருவிரலுக்கு நேர்ந்ததன் காரணம் இவ்வளவே.

இடக்கைக்கென்று செய்விக்கலாம் என்றார் மாணவர். ஆனாற் கடையில் எடுத்த எடுப்பிற் கிடைப்பது அரிது, விலையும் கூட. செய்பவரிடமே நேரிற் சொல்லிவைப்பதே நன்று. நாம் சம்மதித்தோம்.

செய்பவர் யார் என்ற கேள்வி பின்னரே எழுந்தது.

ஒசாக்காவுக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள சாக்காய் நகரம் கத்திக்குப் பெயர்போனது. யாழ்ப்பாணத்தவர் அறிந்து மகிழத்தக்க சேதி ஒன்று அங்கே உண்டு. அந்நகரத்தின் கத்தித் தொழில் ஓங்கியது புகையிலையினால்! 16ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரின் வருகையை அடுத்துப் புகையிலை யப்பானிற் பரவியது. இலையை மயிரிழைபோற் சீவுவதற்குத் தனிக் கத்தி வேண்டியிருந்தது. சாக்காய்க் கொல்லர் அதைச் செய்தனர். தொக்குகாவா ஆட்சியினர் அதற்கு முத்திரையும் வழங்கினர். 1876ஆம் ஆண்டிலே பொதுமக்கள் வாள் தரித்தல் தடைசெய்யப்பட்டபோது, வாள் அடித்த கைகள் பலவும் அடுக்களைக் கத்திக்குத் திரும்பின. 1982இல் யப்பானிய அரசு சாக்காய்க் கத்தியை மரபுக் கைத்தொழிலாக அங்கீகரித்தது.

ஆனால், அங்கே கத்தியைச் "செய்பவர்" என்று ஒருவரைச் சுட்டிக் காட்டல் இயலாது. ஒருவர் அடிப்பார், அடுத்த தெருவில் இன்னொருவர் தீட்டுவார், மூன்றாமவர் பிடி போடுவார். மூவரையும் இணைப்பவர் வணிகர். அடிப்பவர் தம் வாழ்நாளெல்லாம் அடிப்பதையே செய்வதால் அவரவர் கலை உச்சத்தை எட்டுகிறது என்பர். மறுக்க நாம் யார்? எனினும் எமக்கு வேண்டியது ஒரு பெண்ணின் ஒரு கை. அதை மூவரிடம் விளக்குவதிலும் ஒருவரிடம் விளக்குவது நன்றெனத் தோன்றியது. ஆகவே மாணவர் எமக்காகச் சிக்கோக்குத் தீவுக்குச் சென்றார்.

அத்தீவின் கொச்சி மாகாணத்துக்குத் தோசா என்பது பழைய பெயர். நிலப்பரப்பில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் காடு. கோடரியும் காட்டுக்கத்தியும் அடித்துப் பழகிய கொல்லர் அங்குள்ளவர். காட்டிலே மரத்துக்கு மரம், ஆளுக்கு ஆள் கருவி வேறுபடுவதால், கேட்பவர் சொல்லும் உருவத்தை அச்சின்றி அடித்துத் தருவது அவர்களுடைய வழக்கம். ஒருவரே அடித்து அவரே தீட்டுவதும் அங்கே சாதாரணம். அலகின் மேற்புறத்தை மினுக்காது, உலையின் கரிய தோலை அப்படியே விட்டுவிடுவர். பார்வைக்கு முரடாகத் தோன்றும். ஆனால் அத்தோல் துருவையும் ஓரளவு தடுக்கும், கூலியையும் குறைக்கும். ஆசிரியர் சம்பளத்துக்கு ஏற்ற அழகு என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

அக்கொல்லர் விலையைக் கூறுமுன் வினாக்களை அனுப்பினார். எந்தக் கை? எழுதும் கையா, வெட்டும் கையா? நின்று வெட்டுபவரா, இருந்து வெட்டுபவரா? எந்த மீன்? பலகை எம்மரம்? கத்தியைத் தீட்டுபவர் யார்? பரீட்சை வினாத்தாள் தயாரித்து வாழும் எமக்கே இவ்வினாத்தாள் வியப்பளித்தது. பாரை, விளைமீன், சூரை என்று நாம் எழுதிய விடையில், சூரையைக் கண்டதும் அவர் மகிழ்ந்தாராம். தோசாக்காரரின் உயிரான மீனும் அவ்வினமே. அதை அவித்துப் புகையூட்டி உலர்த்தி அவர்கள் செய்வதும், மாலைதீவிலிருந்து எமது அடுக்களைக்கு வரும் மாசியும் உடன்பிறந்தவை என்றே சொல்லலாம்.

இல்லாள் தம் இடக்கையைத் தாளில் வைத்து விளிம்பு வரைந்து அனுப்பினார். வரைந்தது வலக்கை, கோடு சற்றே நடுங்கியிருந்தது.

அடுத்தது உருக்கு. யப்பானியக் கொல்லருட் பெரும்பாலோர் நாடுவது சிமானே மாகாணத்து யசுகி உருக்கை. இரும்பு மணலை உருக்கிப் பழகிய நாடு அது. (பருவக்காற்றையே துருத்தியாக்கி 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை உலை எரித்தவர் எமது தீவிலும் இருந்தனர், சமனலவெவைப் பகுதியிற் கண்டெடுக்கப்பட்ட அவ்வுலைகளைப் பற்றிய ஆய்வு 1996இல் வெளிவந்தது. இப்பெருமையை மாணவர்மூலம் கொல்லருக்கு எழுதத் தவறினோமில்லை.) யசுகி உருக்கில் வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம் என இரு குடும்பங்கள் உள. சுற்றிவரும் தாளின் நிறமே பெயராயிற்று. வெள்ளை, இரும்பும் கரியும் அன்றி வேறு அதிகம் கலவாதது, இலகுவிற் கூராகும். நீலத்தில் தங்சுதனும் குரோமியமும் சேர்வதாற் கூர் நெடுநாள் நிற்கும்; தீட்டுவது கடினம். தீட்டுபவர் புதியவராதலின் வெள்ளையே தக்கது என்றார் கொல்லர். தீட்டுபவர் நாமே!

அடித்த நாளிலே மாணவர் உடனிருந்து எழுதிய கடிதம் எம்மிடம் உளது. மென்மையான இரும்பின்மீது உருக்குத் துண்டை வைத்து, இடையே வெண்காரமும் இரும்புத் தூளும் தூவி, உலையிற் காய்ச்சி அடித்து ஒன்றாக்குகின்றனர். கூருக்கு உருக்கு, அது உடையாதிருக்கத் தாங்குவது இரும்பு. ஒரு புறச் சாய்வுடைய கத்தியில் உருக்கு நிற்பது தட்டையான புறத்திலே. ஆகவே, இடக்கையா வலக்கையா என்பது தீட்டுங் கல்லில் அன்று, உலையிலேயே நிச்சயிக்கப்படுகிறது. பின்பு மாற்ற முடியாது. கொல்லர் இருமுறை அலகைத் திருப்பிப் பார்த்துத் தமக்குள் ஏதோ முணுமுணுத்தாராம். கண்ணாடியிற் பார்த்து மயிர் வெட்டுவது போன்ற வேலை, வாழ்நாட் பழக்கமே கையைத் தவறான பக்கத்துக்கு இழுக்கும் என்றாராம். இடக்கைக் கத்திக்கு விலை கூடுவதன் காரணம் எமக்கு அப்போது விளங்கியது.

பின்னர் வைக்கோற் சாம்பலிற் புதைத்து மெல்ல ஆறவிட்டு, உருவம் திருத்தி, மெல்லிய களிமண் பூசி உலர்த்தினார். பட்டறையின் விளக்கை அணைத்தார். இருளிலேதான் இரும்பின் நிறம் உண்மை பேசும். செந்நிறம் தக்க பதத்துக்கு வந்த கணத்திலே நீரில் அமிழ்த்தினார். சூடு மிகுந்தால் அலகு வெடிக்கும். குறைந்தால் கூர் நில்லாது. அந்த ஒரு கணத்துக்காகவே ஏனைய நாட்களெல்லாம். கார்த்திகையில், நவம்பர் 8ஆம் நாளில், அந்நாட்டுக் கொல்லர் துருத்திக்கு விழா எடுத்து வேலையை நிறுத்தும் வழக்கம் ஒன்று உண்டு. எமது ஆயுத பூசையை அறிந்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இடக்கையர் பாடு யப்பானிலும் இலகுவாயிருக்கவில்லை. உணவுக்குச்சியும் எழுதுகோலும் வலக்கையிலேயே பிடிக்கவேண்டும் என்று முந்திய தலைமுறையினர் குழந்தைகளைத் திருத்தினர். 1973இல் அசஓக்கா மெகுமி என்ற இளம் பாடகி, தம் காதலன் இடக்கையன் என்று பாடிய பாட்டு நாடெங்கும் ஒலித்தது. அதன் பின்னர் கூச்சம் சற்றுக் குறைந்தது என்பர். இங்கே நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பையனின் இடக்கையிலிருந்த பேனாவை எடுத்து வலக்கையிற் கொடுத்தோம். அவன் பெயர் மறந்துவிட்டது. அவன் நிமிர்ந்து பார்த்த பார்வை மறக்கவில்லை.

அலகிலே பெயர் வெட்டித் தரட்டுமா என்று கொல்லர் கேட்டார். யப்பானிய எழுத்திலே ரகரம், லகரம், ளகரம், ழகரம் யாவும் ஒன்றே. இல்லாளின் பெயர் அந்த எழுத்தில் என்னவாகுமோ என்று தமிழாசிரியரான நண்பர் ஒருவர் கவலைப்பட்டார். பெயர் வேண்டாம் என்று இல்லாளே கூறிவிட்டார்.

ஏழாம் மாதம் மாணவரின் பெரும் பெட்டியிற் கத்தி வந்து சேர்ந்தது. மக்னோலியா மரப் பிடி, கழுத்திலே எருமைக் கொம்பு வளையம். மறுநாள் சந்தையிற் பாரை வாங்கி வந்தோம். இல்லாள் மீனைப் பலகையில் வைத்துச் செவுளின் பின்னால் அலகைப் பொருத்தினார். கத்தி நேரே இறங்கியது. அவர் ஒன்றும் பேசவில்லை. இன்னொரு துண்டம் வெட்டினார், பின் இன்னொன்று.

பார்த்துக்கொண்டிருந்த தாயார், "கொண்டா பாப்பம்" என்று கத்தியை வலக்கையில் வாங்கினார். ஒரு துண்டம் வெட்டினார். அது ஆப்புப்போல் ஒரு புறம் தடித்து ஒரு புறம் மெலிந்து விழுந்தது. மறுபடியும் வெட்டினார். அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உதென்ன பிள்ளை, கோணலா இழுக்குது?"

"முந்தின கத்தி எனக்கும் அப்பிடித்தான் மாமி இழுத்தது."

தாயார் சிறிது நேரம் இல்லாளின் பெருவிரலிலிருந்த தழும்பைப் பார்த்தபடி இருந்தார். பின்பு கத்தியைத் திருப்பிப் பிடிப்புறமாக நீட்டினார். இல்லாளின் வலக்கை மீனைப் பிடித்திருந்தது. "இந்தா, நீயே வெட்டு" என்று இடக்கையிலே கொடுத்துவிட்டு, குழம்புக்குப் புளி கரைக்கப் போனார்.