அரசுக் கல்லூரியில் சேர்ந்த கத்தோலிக்கப் பிள்ளைக்கு எந்தப் பங்கு?

அவிநாசிபாளையம் நால்ரோட்டில் நின்றால் படிக்கப் போவதற்கு எந்தப் பக்கமும் பஸ் கிடைக்கும். வடக்கே திருப்பூர். அங்கே சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. மேற்கே பல்லடம் தாண்டிக் கோவை. பாரதியார் பல்கலைக்கழகம், வேளாண் பல்கலைக்கழகம், ஜி.சி.டி., மருத்துவக் கல்லூரி எல்லாம் அந்தப் பக்கம். அவிநாசி என்று நினைத்துக்கொண்டு இங்கே வந்து இறங்கி முழிப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. இரண்டு ஊரும் ஒரே நெடுஞ்சாலையின் இரண்டு முனைகள், திருப்பூர் நடுவில் இருக்கிறது.

மேலே சொன்ன கல்லூரிகளில் எதையும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தவில்லை. பிளஸ் டூ வரை ஞாயிறு மறைக்கல்வி, பாடகர் குழு, பீடச் சிறுவர் என்று கோயிலிலேயே வளர்ந்த பிள்ளை, ஜூன் மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போகிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து போன் வரும்: “கண்ணு, பூசைக்குப் போனியா?” எந்தக் கோயிலுக்குப் போவது, எத்தனை மணிக்குப் பூசை, யாரிடம் கேட்பது என்று பிள்ளைக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையைத் தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தான் மாணவர் அருள்பணி என்று பெயர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஏதோ கல்லூரிக்குள் மதம் பரப்பும் காரியம் போலத் தோன்றுகிறது. உள்ளே இருக்கும் பெற்றோருக்கோ இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் தலைப்பில் உள்ள கேள்வி. கத்தோலிக்கர்களுக்குப் பங்கு என்பது எல்லை வகுத்த ஒரு பகுதி. அதற்கு ஒரு கோயில், ஒரு பங்குத் தந்தை. நீங்கள் எந்த எல்லைக்குள் குடியிருக்கிறீர்களோ அதுவே உங்கள் பங்கு. ஹாஸ்டல் பிள்ளைக்கு? 1983-ல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பு இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. ஓரிடத்தில் குறைந்தது மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு போய் இருந்தாலே அது பாதி வீடு மாதிரி, அந்த இடத்துப் பங்குத் தந்தையும் அவருக்குப் பொறுப்பு. ஆக, கோவையில் ஹாஸ்டலில் இருக்கும் அவிநாசிபாளையத்துப் பிள்ளைக்கு இரண்டு பங்கு. ஊரில் ஒன்று, ஹாஸ்டல் இருக்கும் இடத்தில் ஒன்று. “நான் இந்தப் பங்கு இல்லீங்க ஃபாதர்” என்று கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்காரத் தேவையில்லை.

அதே சட்டத்தொகுப்பின் 813-வது விதி இன்னும் நேரடியாகப் பேசுகிறது. மாணவர்களைக் கவனிப்பது ஆயரின் பொறுப்பு. தேவையென்றால் மாணவர்களுக்கென்றே தனிப் பங்கு அமைக்கலாம், இல்லையென்றால் அதற்கென நிரந்தரமாகக் குருக்களையாவது நியமிக்க வேண்டும். கத்தோலிக்கம் அல்லாத பல்கலைக்கழகங்களிலும் மாணவர்களுக்கு உதவி, முக்கியமாக ஆன்மிக உதவி கிடைக்க மையங்கள் வேண்டும் என்பதையும் அந்த விதி சேர்த்துச் சொல்கிறது. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையிலேயே இந்த எண்ணம் வந்துவிட்டது.

ஆனால் இது ஆயர்கள் மேலிருந்து தொடங்கி வைத்த வேலை இல்லை, முதலில் மாணவர்கள் செய்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1893-ல் டிமோத்தி ஹாரிங்டன் என்ற மருத்துவ மாணவர் சக கத்தோலிக்க மாணவர்களைச் சேர்த்து ஒரு மன்றம் தொடங்கினார். அதற்குக் கர்தினால் நியூமன் பெயரை வைத்தார். அந்நாட்டுக் கல்லூரிகளில் இன்றைக்கும் இருக்கும் நியூமன் மையங்களுக்கு அதுதான் ஆரம்பம். அந்தக் காலத்தில் நியூமனின் நாடான இங்கிலாந்தில் ஆயர்கள் கத்தோலிக்க இளைஞர்களை ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பக்கமே போகக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தார்கள். 1895-ல்தான் அந்தத் தடை விலகியது. விசுவாசம் கெட்டுப் போகும் என்ற பயமே தடைக்குக் காரணம். போகாதே என்று சொல்வது எளிது. போன பிறகு கூடவே நடப்பதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பணமும் வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் இதற்கென உள்ள பழைய இயக்கம் அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு, சுருக்கமாக அய்கஃப். 1924-ல் இயேசு சபைத் துறவி கார்ட்டி அடிகளார் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது. தலைமையகம் சென்னையில். 1921-ல் சுவிட்சர்லாந்தின் ஃபிரைபூர்கில் பிறந்த பாக்ஸ் ரொமானா என்ற உலகக் கத்தோலிக்க மாணவர் இயக்கத்தோடு இணைந்தது. 1970-ல் பூந்தமல்லியில் கூடிய அய்கஃபின் தேசிய மாநாடு இயக்கத்தின் போக்கையே மாற்றியது. செபமும் தியானமுமாக இருந்த அமைப்பு, ஏழைகள் பக்கம் நின்று நீதியான சமுதாயத்துக்கு உழைப்பதே தன் வேலை என்று அறிவித்துக்கொண்டது. அதன் பிறகு கிராமத்தில் தங்குவது, சேரி வாழ்க்கையைப் படிப்பது, சாதியைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது எல்லாம் அய்கஃப் முகாம்களின் பகுதியாயின. கல்லூரிப் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள் என்று முணுமுணுத்தவர்களும் இருந்திருப்பார்கள், சந்தேகமில்லை.

இங்கேதான் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். அய்கஃப் கிளைகள் பெரும்பாலும் கத்தோலிக்கக் கல்லூரிகளில்தான் வேர்விட்டன. சென்னை லயோலா, திருச்சி புனித வளனார், பாளையங்கோட்டை புனித சவேரியார், கோவையில் நிர்மலா என்று திருச்சபைக்குச் சொந்தக் கட்டடங்கள் இருந்தன. கட்டடம் இருந்த இடத்தில் ஃபாதரும் இருந்தார், சிஸ்டரும் இருந்தார், கூட்டம் போட அறையும் இருந்தது. மற்றக் கல்லூரிகளில் எதுவும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் வேறு சபைக்காரர்கள். 1912-ல் தொடங்கிய இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கமும், அதைவிட அழுத்தமாக, 1954-ல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. என்ற நற்செய்தி மாணவர் ஐக்கியமும் அரசுப் பொறியியல், மருத்துவ, வேளாண் கல்லூரிகளுக்குள் சின்னச் சின்ன செபக் குழுக்களாகப் பரவின. ஒரு மரத்தடியும் ஒரு வேதாகமமும் இருந்தால் அவர்களுக்குப் போதும். ஹாஸ்டலில் தனியாக இருக்கும் கத்தோலிக்கப் பிள்ளை அங்கே போய் உட்காருவதில் ஆச்சரியம் இல்லை. அங்கே அன்பாகக் கூப்பிடுகிறார்கள். “செபமாலை எதுக்கு? மாதா எதுக்கு?” என்ற கேள்வியும் சீக்கிரமே வரும், அதற்குப் பதில் சொல்ல அந்தப் பிள்ளைக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்கள் ஆள் பிடிக்கிறார்கள் என்று நம்மவர்கள் குறைப்படுவதில் எனக்கு அனுதாபம் இல்லை. நாம் போகாத இடத்துக்கு அவர்கள் போனார்கள், அவ்வளவுதான்.

கேரளத்தில் 1980-களில் எழுந்த ஜீசஸ் யூத் இயக்கம் இதைப் புரிந்துகொண்டது. யாருடைய கல்லூரியாக இருந்தாலும் மாணவர்களே மாணவர்களைச் சேர்ப்பது அவர்கள் வழி. 2016-ல் வத்திக்கான் அதை உலகளாவிய பொதுநிலையினர் அமைப்பாக ஏற்றுக்கொண்டது. கிதார், பாட்டு, கைதட்டு என்று அதன் நிறம் வேறு. அய்கஃப் கூட்டத்தில் வளர்ந்தவருக்கு அது கொஞ்சம் மேலோட்டமாகத் தெரியலாம். ஜீசஸ் யூத்காரர்களுக்கு அய்கஃப் அரசியல் கட்சி மாதிரி தெரியலாம்.

சரி, அரசுக் கல்லூரிக்குள் இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா? அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு இரண்டு விஷயங்களைப் பிரிக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் மற்ற நிலையங்களில் மதபோதனை நடந்தாலும், விருப்பமில்லாத மாணவரை உட்காரவைக்க முடியாது. பதினெட்டு வயது நிரம்பாதவரென்றால் பெற்றோர், பாதுகாவலர் சம்மதம் வேண்டும். ஆகவே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் உள்ளதுபோல வளாகத்துக்குள் அலுவலகம் வைத்துக்கொண்டு உட்காரும் சாமியார் இங்கே அரசுக் கல்லூரியில் கிடையாது. மாணவர்கள் கேட்டுக்கு வெளியே, பக்கத்துக் கோயிலில் கூடுவதை யாரும் தடுக்க முடியாது. தனியார் கல்லூரியில் நடைமுறையில் நிர்வாகம் வைத்ததுதான் சட்டம். ஆயுத பூஜைக்கு லேப் முழுக்கப் பொட்டு வைத்துப் பொரி கொடுப்பார்கள், கிறிஸ்துமஸுக்கு ஆடிட்டோரியத்தில் கேக் வெட்டுவார்கள். இரண்டிலும் எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள். மதச்சார்பின்மை நம் கல்லூரிகளில் நடைமுறையில் இப்படித்தான் இருக்கிறது. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. அது அரசுப் பல்கலைக்கழகம்தான். ஆனாலும் வளாகத்திலேயே குறிஞ்சிக்குமரன் கோயிலும் மற்ற மத வழிபாட்டிடங்களும் இருக்கின்றன.

கூட்டத்தில் என்னதான் நடக்கும்? பூசை, பாவசங்கீர்த்தனம், ஆண்டுக்கு ஒரு தியானம். இது அடித்தளம். அதற்கு மேல் பல குழுக்கள் பின்பற்றும் முறை பெல்ஜியம் நாட்டுக் குரு ஜோசப் கார்டைன் கொடுத்தது: பார், சீர்தூக்கு, செய். கார்டைன் வேலைக்காரக் குடும்பத்துப் பிள்ளை. பிரசல்ஸை ஒட்டிய லாக்கன் பங்கில் 1912-லிருந்து அவர் கூட்டிய குழுக்களில் தையல் வேலைக்குப் போன இளம்பெண்கள் இருந்தார்கள். அங்கே தொடங்கியது இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமாக வளர்ந்து, பிறகு மாணவர் இயக்கங்களுக்கும் போனது. பனியன் ஊரான திருப்பூருக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடைக்காது.

எப்படி என்று ஒரு கற்பனைக் கூட்டத்தை வைத்துப் பார்க்கலாம். எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் விடுமுறையில் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறான். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், ஞாயிறும் வரச் சொல்வார்கள். அவன் மூன்று வாரமாகப் பூசைக்கு வரவில்லை. ‘பார்’ என்றால் முதலில் அவனைத் திட்டாமல் கணக்கைக் கேட்பது. என்ன கூலி, யார் வீட்டுக் கடன், வேண்டாமென்று சொன்னால் என்ன ஆகும். ‘சீர்தூக்கு’ என்றால் நற்செய்தியில் ஒரு பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் எது சரி, எது அநியாயம் என்று பேசுவது. ஓய்வுநாள் மனிதனுக்காகத்தான் என்பதும் அங்கே வரும், ஒன்றரை ஷிப்டுக்கு ஏற்ற கூலி வருகிறதா என்பதும் வரும். ‘செய்’ என்றால் அடுத்த கூட்டத்துக்குள் முடிக்கக்கூடிய ஒரு காரியம். சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிறு கடனுக்குச் செல்லும் என்பதை அவனுக்குச் சொல்லி, அது எந்தக் கோயிலில் உண்டு என்று விசாரித்து வைப்பது அப்படி ஒன்று. அவன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் பையன்களில் கத்தோலிக்கர் இருந்தால் அவர்களையும் கூட்டி வருவது இன்னொன்று.

இன்னொரு பயன், யாரும் நோட்டீஸில் அச்சடிக்காதது. சாதிச் சான்றிதழ் விவகாரம். 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதியில் வரமாட்டார். சீக்கியர்களை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் என்றுதான் இடஒதுக்கீடு. அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பல பிள்ளைகள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பமே போடுவதில்லை. ஆனால் மாநில அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அறிவிப்பைப் படித்தால் ‘கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்’ என்பதும் அதில் இருக்கும். பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதை முதலாமாண்டுப் பெண்ணுக்கு ஒரு சீனியர் அக்கா சொல்லிக்கொடுத்து, சான்றிதழ்களோடு கல்லூரி அலுவலகத்துக்குக் கூட்டிப் போவதும் என் கணக்கில் அருள்பணிதான். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் வருவதையும் அந்த அக்காவே சொல்லிவிடுவாள்.

நண்பர்கள் வரலாமா என்று கேட்பார்கள். வரலாம். இந்துப் பையனோ முஸ்லிம் பெண்ணோ கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவதில் ஒன்றும் கெட்டுவிடாது. அவர்களை ஞானஸ்நானத்துக்கு இழுப்பதுதான் நோக்கம் என்று ஒரு குழு நடந்தால் அது தன் வேலையைத் தவறவிட்டுவிட்டது. ஹாஸ்டல் அறைக் கதவைத் தட்டித் துண்டுப்பிரசுரம் கொடுப்பது வேண்டவே வேண்டாம். வார்டனோடு வம்பு வரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, பக்கத்துக் கட்டிலில் படுக்கும் பிள்ளைக்கும் நிம்மதி வேண்டும்.

எங்கே போய்க் கேட்பது? திருப்பூர் மாவட்டத்தின் இந்தப் பகுதி கோயமுத்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1850-ல் தனி மறைப்பணிப் பகுதியாகி 1886-ல் மறைமாவட்டமானது. ஊரில் உங்கள் பங்குத் தந்தையிடம், பிள்ளை சேர்ந்திருக்கும் கல்லூரிக்கு அருகில் உள்ள பங்கு எது என்று கேளுங்கள். ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன் அந்த ஃபாதருக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். மறைமாவட்டத்தின் இளைஞர் பணிக்குழுவிடம் மாணவர் குழுக்கள் பற்றிக் கேட்கலாம். ஒன்றும் இல்லையென்றால் மூன்று பேர் போதும், மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் அரை மணி நேரம். புனித வாரம் ஏப்ரலில் வந்தால் செமஸ்டர் தேர்வோடு மோதும். பெரிய வெள்ளிக்கு விடுமுறை உண்டு, பெரிய வியாழனுக்குக் கிடையாது. அந்த மாதத்தில் பெரிய திட்டம் எதுவும் போடாதீர்கள்.

இந்தக் குழுக்கள் எதிர்ப்பால் கலைவது அபூர்வம். மூன்றாம் ஆண்டுக்காரர்கள் டிகிரி வாங்கிக்கொண்டு போவதால்தான் கலைகின்றன. ஃபாதரும் சில ஆண்டுகளில் வேறு பங்குக்கு மாற்றலாகிவிடுவார். ஆகவே முதலாமாண்டுப் பிள்ளை ஒருவரையாவது தொடக்கத்திலேயே பொறுப்பில் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவின் அட்மினை மார்ச் மாதத்துக்குள் இரண்டாமாண்டுக்காரருக்கு மாற்றிக்கொடுங்கள். ஜூனில் புதிதாகச் சேரும் கத்தோலிக்கப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் வேலையை விடுமுறைக்குப் போகும் முன்பே யாருக்காவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.