பழைய உறுதி

யாழ்ப்பாணத்திலே காணி விற்பனை ஒரு காலத்தில் தாழ்ந்த குரலிலேயே பேசப்பட்டது. கடன்பட்டவர்தாம் வளவை விற்பர் என்பது ஊரவர் எண்ணம். இன்றோ, குடியிருக்கும் வீட்டை விற்று, கொழும்பிலே கட்டப்பட்டுவரும் மாடித்தொடரில் ஒரு வீடு வாங்குவதைப் பலரும் இயல்பான காரியமாகவே கொள்கின்றனர். ஆயின், விற்பதும் வாங்குவதும் ஒரே வேளையில் நிகழும்போது எழும் இடர்களை முன்கூட்டியே சிந்திப்போர் சிலரே.

ஓய்வுபெற்ற ஆசிரியரான எமது நண்பர் ஒருவர் வெள்ளவத்தையில் மூன்று அறைகள் கொண்ட வீடொன்றைத் தேர்ந்தார். அது அப்பொழுது வரைபடத்தில் மாத்திரமே இருந்தது. முற்பணமும், தளங்கள் எழுந்தோறும் தவணைப் பணமும் செலுத்த வேண்டும். பழைய வீட்டை விற்றாலன்றிப் பணமில்லை; விற்றுவிட்டாலோ, புதியது முடியும்வரை குடியிருக்க இடமில்லை.

விலை பேசியாயிற்று. நொத்தாரிசு பழைய உறுதியை விரித்துப் பார்த்தார். வளவு தந்தையார் பெயரில் இருந்தது. பிரிக்கப்படாத பாதி, கனடாவில் வாழும் தங்கையாருக்கு உரியது. "ஒப்பமிட்டுத் தருவாள்" என்றே நண்பர் எண்ணியிருந்தார். தொலைபேசியிலே தங்கையார் கேட்டது ஒன்றே: "அண்ணை, அம்மா வைச்ச மாமரத்தையும் சேர்த்தோ விலை பேசினனீங்கள்?"

ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டு, கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமை, காணியை அயலாருக்கு விற்குமுன் உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முந்தி வாங்கும் அவ்வுரிமையைப் பங்காளிகளுக்கும் வாரிசுகளுக்கும் மட்டுமே உரியதாக வரையறுத்தது. நண்பருக்கு இது பெருந்தடையாகவே தோன்றிற்று.

ஆனால் தங்கையார் தம் உரிமையைக் கையாண்டார். வெளியார் பேசிய விலைப்படியே தமையனாரின் பாதியை வாங்கிக்கொண்டு, புதிய வீடு முடியும்வரை அவர் அங்கேயே இருக்கலாம் என்றார். காணி விடயத்தில் வாய்ச்சொல் போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நொத்தாரிசின் எழுத்தையும் இரு சாட்சிகளையும் வேண்டுகிறது. எனவே குடியிருக்கும் உரிமையும் உறுதியிலேயே எழுதப்பட்டது.

பாதி விலையே கைக்கு வந்தமையால், வெள்ளவத்தையில் மூன்று அறைகள் இரண்டாயின. முற்பணம் கட்டுமுன் உண்மை தெரிந்தமையால் அவ்வளவோடு தப்பினார்.

புதுவீட்டின் வரைபடத்தைப் பார்க்க விரைவோர், முதலில் அலுமாரியிலுள்ள பழைய உறுதியை எடுத்துப் படித்தல் நன்று. அதிலே பங்குடையோரிடம் ஒரு வார்த்தை கேட்டபின் விலை பேசுதல் அதனினும் நன்று.